மூன்றாம் படிக்குக் கீழே

பிப்ரவரி 4

தம்பிக்கு,

சௌக்கியமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் கேட்க வேண்டாம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று, வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் நீ மாமாவின் சட்டையைப் பிடித்தாய், நான் உன்னை அறைந்தேன், நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம். சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் உன்னைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே கத்திக்கொள்வோம். அதனால்தான் மெயில்.

குளிர்கிடங்கு விபத்துக்கு ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். சங்கத்தின் அறிக்கையை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சங்க அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள் நான் ஒருத்திதானே. வாயு கசிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டு பிழைத்தவர்கள், செத்துப்போன பெண்களின் வீட்டார் என்று ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். துண்டு துண்டாக எழுதி ஃபோல்டர்களில் அடுக்கிவைக்கிற ஒரு மென்பொருளில்தான் எழுதினேன். திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வேர்டு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால் கோளாறு. நிறுவனம் தலைப்பாக வருகிறது, ஒப்பந்தக்காரர் தலைப்பாக வருகிறார், கூட்டிப் பெருக்கிய பெண்கள் மட்டும் தலைப்பாக வருவதில்லை. அவர்கள் பெயர்கள் பத்திக்கு நடுவே சாதாரண வரியாகக் கிடக்கின்றன. அம்மா பெயரும்தான். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, தடிமனாக்கி, குழுவின் இணையதளத்தில் ஏற்றினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் போனேன். குமாஸ்தா சொல்கிறார்:

"பொருளடக்கத்துல என்ன இருக்கோ அதைத்தாம்மா குழு எடுத்து விசாரிக்கும். இதுல பொம்பளைங்க யாருமே இல்லையே?"

"உள்ள இருக்காங்க சார். பாதிக்கு மேல புரட்டிப் பாருங்க."

"உள்ள இருக்கறதை எல்லாம் படிச்சுக்கிட்டிருக்க இங்க யாருக்கும்மா நேரம்? தலைப்பா கொண்டு வாங்க."

உள்ளே இருந்ததால்தான் சார் செத்தார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் டீ வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். அதற்குள் தலைப்பாக வராவிட்டால் அம்மாவின் சாவு விசாரணையிலேயே கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா

•

பிப்ரவரி 6

அக்கா,

பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. கண்ணுக்குத் தலைப்பு, கணினிக்கு வெறும் வரி. எழுத்தின் அளவை அது பார்ப்பதில்லை, அந்த வரிக்குக் கொடுத்திருக்கும் ஸ்டைலைத்தான் பார்க்கிறது. 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்று வேர்டில் மேலே ஒரு பட்டியல் இருக்கிறதே, அதுதான் ஸ்டைல். எங்கள் ஆபீசுக்குப் பக்கம் அமைக்கப் புத்தகம் அனுப்புகிற பேராசிரியர்கள் எல்லோரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். நீ ஒன்றும் வெட்கப்பட வேண்டாம்.

எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைத் திற. இடது பக்கம் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரிகிற ஒரு பட்டை உண்டு, அதைத் திற. அதில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார். பிறகு அந்த மென்பொருளில் ஃபோல்டர்களை எப்படி அடுக்கியிருக்கிறாய் என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. எக்ஸ்போர்ட் பெட்டியையும் படம் எடு. இந்த மூன்றும் இல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

மற்றது பற்றி நானும் பேசப்போவதில்லை. ஒன்று மட்டும். நீ என்னை அறைந்தபோது மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மூச்சு இழுக்கும் என்று தெரிந்தும் அந்தக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போன மனிதருக்காக நீ என்னை அறைந்தாய். அவர் "அடிக்காத பாப்பா" என்று கூடச் சொல்லவில்லை.

தம்பி

•

பிப்ரவரி 9

தம்பிக்கு,

படங்களை இணைத்திருக்கிறேன். பட்டையில் அறிக்கையின் பெயர், அதற்குள் நிறுவனம், அதற்குள் ஒப்பந்தக்காரர். அதோடு சரி. அதற்குக் கீழே ஒரு ஜீவன் இல்லை.

ஏன் அப்படி அடுக்கினேன் என்று கேட்பாய். நான் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்ட கேள்வி "யார்கிட்ட வேலை பார்த்தாங்க?" என்பதுதான். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மேஸ்திரிகிட்ட, அதாவது நம் மாமாகிட்ட. மேஸ்திரி யாரிடம்? ஒப்பந்தக்காரரிடம். ஒப்பந்தக்காரர் யாரிடம்? நிறுவனத்திடம். கூலி எந்த வழியாக இறங்கி வந்ததோ அதே வழியில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டேன். நிறுவனத்துக்குள் ஒப்பந்தக்காரர், அவருக்குள் மேஸ்திரி, மேஸ்திரிக்குள் பெண்கள். யோசித்துச் செய்ததில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே போட்டேன்.

நிரந்தர ஆட்கள் முன்வாசல் வழியாக ஓடித் தப்பித்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பெண்கள் பின்பக்கத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்கதவு பூட்டியிருந்தது. சரக்கைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லி அதைப் பூட்டவைத்தது நிறுவனத்தின் மேலாளர். சாவி அவர் மேசை டிராயரில் கிடந்தது. இதுதான் அறிக்கையின் உயிர். இதைத்தான் நான் குழுவின் முன்னால் வைக்க வேண்டும்.

மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றால், அவருக்குக் குரல் இல்லை. பூட்டிய கதவைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே போய்ப் பெண்களை வெளியே இழுத்துப்போட்டது அவர்தான். அந்த வாயு தொண்டையை அரித்துவிட்டது. இரண்டு நாள் கூட நீ இருக்கவில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா

•

பிப்ரவரி 11

அக்கா,

கோளாறு புரிந்துவிட்டது. அந்த மென்பொருள் ஃபோல்டரின் ஆழத்தைத்தான் தலைப்பின் படியாக எடுத்துக்கொள்கிறது. வெளி ஃபோல்டர் முதல் படி, அதற்குள் இருப்பது இரண்டாவது, அதற்குள் இருப்பது மூன்றாவது. எக்ஸ்போர்ட் பெட்டியில் மூன்று படிக்குத்தான் ஸ்டைல் கொடுத்திருக்கிறது. நான்காவது படியில் மேஸ்திரி, ஐந்தாவதில் பெண்கள். ஸ்டைல் இல்லாததை எல்லாம் அது வெறும் வரியாகத் தள்ளிவிடுகிறது.

பெட்டியில் இன்னும் இரண்டு படியைச் சேர்த்துவிடலாம், அது சுலபம். ஆனால் குழுவின் இணையதளத்துக்குள் போய் விதிகளைப் படித்தேன். பொருளடக்கத்தை அவர்கள் தளமே தயாரித்துக்கொள்கிறது, மூன்று படி வரைதான் எடுக்கும். இங்கே ஐந்தாக மாற்றினாலும் அங்கே மூன்றோடு வெட்டிவிடுவான். யார் வைத்த விதி என்று தெரியவில்லை. எவனோ ஒருத்தன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து மூன்று போதும் என்று டிக் அடித்திருப்பான்.

முதலில் வெளி ஃபோல்டரைக் கழற்று. அறிக்கையின் பெயர் அட்டையில் இருந்தால் போதும், அது ஒரு படியைத் தின்ன வேண்டியதில்லை. உள்ளே இருப்பது எல்லாம் ஒரு படி மேலே ஏறும். செய்து பார்த்துவிட்டுச் சொல்.

குரல் போனது எனக்குத் தெரியாது. ஆனால் அம்மாவை அங்கே சேர்த்தபோது அவருக்குக் குரல் இருந்தது இல்லையா? "வேணாம்க்கா, உனக்கு ஒத்துக்காது" என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போது முடிந்திருக்கும்.

இங்கே எனக்கும் ஒன்றும் பெரிய வாழ்வு இல்லை. அடையாள அட்டைக்கு நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் நீலக் கயிறு, எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் கயிறு. கேன்டீனில் சாம்பல் கயிறுக்காரன் நீலக் கயிறு மேசையில் உட்கார்ந்தால் ஒருத்தரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள், பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

தம்பி

•

பிப்ரவரி 14

தம்பிக்கு,

கழற்றினேன். நிறுவனம் முதல் படி, ஒப்பந்தக்காரர் இரண்டு, மேஸ்திரி மூன்று. பெண்கள் நாலு. அதாவது மாமா தலைப்பாகிவிட்டார், அம்மா இன்னும் வரவில்லை. திரையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. செத்த பிறகும் ஒரு படி கீழேயேதான் நிற்க வேண்டுமா?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மேஸ்திரி ஃபோல்டரை எடுத்துவிட்டால் என்ன? நிறுவனம், ஒப்பந்தக்காரர், பெண்கள். மூன்று படி சரியாக வந்துவிடும். மாமாவின் கதையைப் பெண்களின் கதைக்கு உள்ளேயே எழுதிவிடுகிறேன். அவரும் கூலி ஆள்தான். அந்தப் பெண்களுக்கு மேல் அவர் பெற்றதெல்லாம் ஒரு விசிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அவரைத் தலைப்பாகப் போட்டால் பெரிய முதலாளி மாதிரி இருக்கிறது.

போன வாரம் அவரைப் போய்ப் பார்த்தேன். பேசினால் காற்றுதான் வருகிறது. அம்மாவின் செருப்பை எடுத்துவைத்திருக்கிறார். கிடங்குக்குள் ரப்பர் பூட்ஸ் போட வேண்டும் என்பதால் அவள் வெளியே கழற்றிப்போட்டது. "குடுக்கணும்னு நெனச்சேன் பாப்பா, யார்கிட்ட குடுக்கறது?" என்றார். அவரும் ஓர் அக்காவுக்குத் தம்பிதான், நினைவில் வை.

ஃபோல்டரை எடுக்கட்டுமா, சொல்.

அக்கா

•

பிப்ரவரி 16

அக்கா,

எடுக்காதே. அந்த மென்பொருளில் நடுவில் இருக்கும் ஃபோல்டரை உருவினால் உள்ளே இருக்கும் துண்டுகள் எல்லாம் வரிசை குலைந்து சிதறிவிடும். திரும்ப அடுக்க உனக்கு நேரம் இல்லை. அதோடு, மேஸ்திரி இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். இந்தப் பெண்களை யார் உள்ளே கூட்டிவந்தது என்று கம்பெனி வக்கீல் கேட்டால் என்ன சொல்வாய்?

வேறு வழி இருக்கிறது. தலைகீழாக அடுக்குவோம். ஒவ்வொரு பெண்ணும் முதல் படி. அவளுக்குள் மேஸ்திரி, அவருக்குள் ஒப்பந்தக்காரர், அதற்குள் நிறுவனம். இதுவரை அவர்கள் அவளைக் கீழே வைத்தார்கள், நாம் அவளை மேலே வைப்போம். பொருளடக்கத்தைத் திறந்ததும் அம்மா பெயர்தான் முதலில் இருக்கும்.

இதை நீ செய்ய வேண்டாம், இழுத்து வைக்கும்போது ஏதாவது தவறிப்போகும். முழு ஃபைலையும் எனக்கு அனுப்பு. ஆபீஸ் முடிந்து நானே செய்து, எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புகிறேன். நீ தளத்தில் ஏற்றினால் போதும்.

தம்பி

•

பிப்ரவரி 18

தம்பிக்கு,

அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் கொடுக்க ஒரு நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் இருப்பது என் எழுத்து இல்லை, அழுதுகொண்டே சொன்னவர்களின் வாய். ஒரு வரி கூட மாற்றாதே. பின்கதவைப் பற்றிய சாட்சியங்கள் எல்லாம் நிறுவனம் என்ற தலைப்புக்குள் இருக்கின்றன, பத்திரம்.

அம்மா பெயர் முதலில் வரும் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் தருகிறேன்.

அக்கா

•

பிப்ரவரி 24

தம்பி,

நீ அனுப்பிய ஃபைல் வந்தது. திறந்தேன். பொருளடக்கத்தின் முதல் வரியில் அம்மாவின் முழுப்பெயர். ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தவிர அந்தப் பெயரை எங்கேயும் அச்சில் பார்த்ததில்லை. நம் வீட்டிலேயே அவளுக்குப் பெயர் இருந்ததா? அம்மா, அக்கா, இந்தாம்மா, அவ்வளவுதான். அதற்குக் கீழே படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. அப்படியே ஏற்றிவிட்டேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டது. குமாஸ்தா கூட, "இப்பத்தாம்மா ஒழுங்கா இருக்கு" என்றார்.

விசாரணை அடுத்த மாதம். லீவு கிடைத்தால் வா. வீட்டில்தான் தங்க வேண்டும், வேறு எங்கும் தங்காதே. அன்று கை ஓங்கியிருக்கக் கூடாது.

அக்கா

•

பிப்ரவரி 26

அக்கா,

ஏற்றுவதற்கு முன்னால் முழுவதும் பார்த்துவிட்டுத்தானே ஏற்றினாய்? ஏற்றிய பிறகு மாற்ற முடியுமா என்று அந்தக் குமாஸ்தாவிடம் கேட்டாயா? சும்மாதான் கேட்கிறேன்.

லீவு கிடைக்காது. சாம்பல் கயிறுக்கு லீவு என்றால் சம்பளம் மட்டும் போவதில்லை, திரும்பி வரும்போது நாற்காலியில் வேறு ஆள் இருப்பான்.

தம்பி

•

மார்ச் 19

தம்பிக்கு,

விசாரணை நேற்று நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்.

குழுவின் தலைவர் மைக்கைத் தட்டிவிட்டுப் பொருளடக்கத்தைப் படித்தார். முதலில் அம்மா பெயர். அந்தக் கூடத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் அம்மாவின் பெயர் கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், தன் மகளின் பெயர் வந்ததும் "இருக்கேங்க" என்று எழுந்து நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. அதுவரை நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பிறகு, "இவருக்குப் பொறுப்பானவர்" என்று மேஸ்திரியின் பெயரைப் படித்தார். அடுத்து ஒப்பந்தக்காரர். ஒப்பந்தக்காரர் என்பது ஒரு பெயர்ப் பலகையும் பூட்டிய அறையும்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. அதோடு தலைவர் படிப்பதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே இரண்டு பெயர்கள். நான் எழுந்தேன்.

"ஐயா, நிறுவனத்தோட பேரு விட்டுப்போச்சுங்க."

"எந்தத் தலைப்புலம்மா இருக்கு?"

"ஒவ்வொருத்தர் கதைக்குள்ளயும் இருக்குங்க."

"தலைப்பா இருக்கான்னு கேக்கறேன்."

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து, சங்கமே தங்கள் கட்சிக்காரர் மீது எந்தக் குற்றச்சாட்டையும் வைக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். மேலாளர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். இருவரும் எழுந்து போய்விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. பின்கதவு என்ற வார்த்தையே அந்தக் கூடத்தில் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது மாமா மட்டும். எழுந்து கை கூப்பி நின்றார். தலைவர் கேட்டார், அந்தப் பெண்களை வேலைக்குக் கூட்டிவந்தது நீங்களா என்று. மாமா ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்தார்கள். மூச்சுதான் ஸ்பீக்கரில் வந்தது. அப்புறம், "ஆமாங்கய்யா. நாந்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்." எழுதிக்கொண்டார்கள். மாலையில் போலீஸ் அவரை ஜீப்பில் ஏற்றியது.

வீட்டுக்கு வந்து உன் ஃபைலைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை பார்த்தேன். பெண்கள் ஒன்று, மாமா இரண்டு, ஒப்பந்தக்காரர் மூன்று, நிறுவனம் நாலு. நாலாவது படி அந்தத் தளத்தில் நிற்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நான் பார்க்காமல் ஏற்றினேன், அது என் தலையெழுத்து. என் கேள்வி இதுதான். நீ பார்த்தாயா?

அக்கா

•

மார்ச் 21

அக்கா,

பார்த்தேன்.

எக்ஸ்போர்ட் ஆனதும் இடது பட்டையைத் திறப்பது எனக்குக் கைப்பழக்கம். நிறுவனம் அங்கே இல்லை. ஒப்பந்தக்காரர் ஃபோல்டரை இழுத்து வெளியே விட்டு, நிறுவனத்தை அந்த இடத்தில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. மேஸ்திரியை உருவினால் துண்டுகள் சிதறும் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஒன்றும் சிதறாது. நீ சொன்ன வழிதான் சரியான வழி.

ஆனால் பட்டையில் மாமாவின் பெயர் ஒவ்வொரு பெண்ணுக்கும் கீழே வரிசையாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது, அக்கா. நிறுவனத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்கு முகம் கிடையாது, சட்டை கிடையாது பிடிப்பதற்கு. மாமாவுக்கு இருந்தது. நிறுவனம் உள்ளே எழுத்தில் இருக்கிறது, யாராவது படிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று குமாஸ்தா சொன்னதை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய்.

சரியான ஃபைலை இதோடு அனுப்பியிருக்கிறேன். நிறுவனம், மேலாளர், பின்கதவு எல்லாம் தலைப்பில் இருக்கின்றன. எப்படியாவது மாற்றச் சொல். நான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றால் வருகிறேன், வேலை போனால் போகட்டும்.

தம்பி

•

மார்ச் 25

தம்பிக்கு,

குமாஸ்தாவிடம் கொடுத்தேன். விசாரணைப் பொருள் முடிவாகிவிட்ட பிறகு புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்று, உன் ஃபைலைத் திறக்காமலேயே பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மேலே போகலாம் என்கிறார் சங்கத் தலைவர். போவோம். வருஷக்கணக்காகும். அதுவரை மாமாவின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர்கிடங்கை நேற்றுத் திறந்துவிட்டார்கள். வேறு மேஸ்திரி, வேறு பெண்கள்.

நீ வர வேண்டாம். கையெழுத்துக்கு இடமில்லை.

இன்று மாமாவைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது. நீ செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதற்குள் அவரே பேசினார்.

"தம்பிக்கு எழுதறியா பாப்பா?"

"எழுதறேன் மாமா."

"அந்தப் புத்தகத்தை அவன்தான் செஞ்சு குடுத்தானாமே. சங்கத்துல சொன்னாங்க. எங்க அக்கா பேரை அத்தனை பேரு முன்னால மொதல்ல படிச்சாங்க. அவ புள்ளையாலதான் அது நடந்துச்சு. நான் ரொம்ப சந்தோசப்பட்டேன்னு அவனுக்கு எழுது. என்மேல இருக்கற கோவம் இப்பவாச்சும் கொறஞ்சிருக்கான்னு கேட்டு எழுது."

கேட்டுவிட்டேன்.

அக்கா